முதுகில் கெய்லா

கவலைப்படுவதில் ட்ரீனாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிறவள். அப்படிப்பட்டவளிடம் மகள் மேசியை முதன்முதலாகத் தனியே விட்டுவிட்டு, புருஷன் டேல் லாரி ஓட்டப் போய்விட்டான். மேசி டேலின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். எட்டு வயது. போன மாதம்தான் இவர்களோடு இருக்க வந்தாள். "பொண்ணு பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மேசி இதுவரை ட்ரீனாவின் கையைக்கூடப் பிடித்ததில்லை.

ட்ரீனாவின் பிறந்த வீட்டார், டாக்கெட் குடும்பம், கோடைதோறும் ஓரிடத்தில் கூடுவார்கள். இந்த வருஷம் ஃப்ளோரிடாவில், கடல் விலங்குப் பூங்காவில். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட், முதுகில் அவரவர் பெயர். அதை அச்சடித்துக்கொண்டு வருவது வெர்னா அத்தையின் பொறுப்பு.

"டேலோட பொண்ண மறந்தே போயிட்டேன்டி. நம்ம கெய்லா வரலையே, அவளுது சும்மாதான கெடக்கு. இதையே மாட்டி விடு, சின்னப்புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?" என்று அத்தை கார் நிறுத்துமிடத்திலேயே நீட்டினாள்.

ட்ரீனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வெர்னா அத்தையிடம் யார் வாய் கொடுப்பது? மாட்டிவிட்டாள். மேசி கழுத்தைத் திருப்பி முதுகில் இருந்த எழுத்தை எட்டிப் பார்த்தாள்.

டால்ஃபின் ஆட்டத்துக்கு, நனைவோம் என்று தெரிந்தேதான் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். டால்ஃபின் வாலால் ஒரு அடி அடித்தது. கூட்டமே கூச்சலிட்டது. ட்ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் மேசியின் இருக்கை காலி.

கழிவறைக்கு ஓடினாள், ஐஸ்கிரீம் வண்டிக்கு ஓடினாள். கடைசியில் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எட்டு வயசு. மஞ்சள் டி-ஷர்ட். முதுகுல கெய்லான்னு போட்டிருக்கும்."

"சரிங்கம்மா. குழந்தை பேரு கெய்லாவா?"

"இல்ல, மேசி."

"அப்ப கெய்லா யாரு?"

"அது... அந்தச் சட்டை வேற புள்ளையோடது."

அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு வாக்கி-டாக்கியில் பேசினான். ட்ரீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். இரண்டும் டாக்கெட் வாண்டுகள்தான், இரண்டும் மேசி இல்லை. டேலுக்கு என்ன பதில் சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது? கெய்லா என்ற எழுத்தைத் தேடித்தேடி அவளுக்குக் கண் எரிந்தது.

கடற்பசுத் தொட்டியை அவள் ஏற்கெனவே ஒருமுறை தாண்டித்தான் போயிருந்தாள். திரும்பி வரும்போதுதான் அந்தக் கழுத்து தெரிந்தது. கோணல்மாணலாகப் போட்ட ஜடை, காலையில் ட்ரீனாவே பின்னியது. முதுகில் எழுத்தே இல்லை. சட்டையைத் திருப்பி, உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு கடற்பசு முட்டைக்கோஸை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"மேசி!" ட்ரீனா ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள். "எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? உயிரே போயிருச்சு எனக்கு."

"நீங்க கெய்லாவைத்தானே தேடுவீங்க" என்றாள் மேசி, தொட்டியைப் பார்த்தபடியே. "நான் கெய்லா இல்ல."

ட்ரீனா அங்கேயே மண்டியிட்டாள். "தப்புதான்டா. காலையிலேயே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அத்தைக்குப் பயந்துட்டேன்."

பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பது மேசிக்குப் புதுச் செய்தி போலிருக்கிறது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

குடும்பப் படம் எடுக்கத் திமிங்கலச் சிலைக்கு முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். ட்ரீனா வழியில் கழிவறைக்குள் நுழைந்துவிட்டு வந்தாள்.

"ஏய், ட்ரீனா! சட்டையத் திருப்பிப் போட்டிருக்கடி! இந்தப் புள்ளையும் அப்படித்தான். போய் மாத்திட்டு வாங்க ரெண்டு பேரும்" என்று வெர்னா அத்தை எல்லார் காதிலும் விழக் கத்தினாள்.

ட்ரீனா மேசியின் பக்கத்தில் போய் நின்றாள். "தெரிஞ்சுதான் போட்டிருக்கோம் அத்தை. இவ பேரோட சட்டை வர்ற வரைக்கும் இப்படித்தான்."

படம் எடுப்பவர் நெருங்கி நிற்கச் சொன்னார். ட்ரீனாவின் பின்கழுத்தில் சட்டையின் துணிச்சீட்டு துருத்திக்கொண்டு நின்றது. சின்ன விரல்கள் எட்டி அதை மடித்துவிட்டன. பிறகு அந்தக் கை கீழே இறங்கி, ட்ரீனாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.