இயேசு படத்துக்குக் கீழே ராகுகாலம்

எங்கள் சபையில் சிலருக்கு என் வேலையைவிட என் சிரிப்புதான் அதிகமாக உறுத்தியது. அது எனக்குப் புரிவதற்குள் பாதி சீசன் முடிந்துவிட்டது.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். படம் போட்ட அட்டையின் அடிப்பகுதியில் தினமும் கிழிக்கிற தேதித்தாள் கட்டை வைத்து ஒட்ட வேண்டும். லட்சுமி, முருகன், பிள்ளையார், நடுவில் மெக்கா, எப்போதாவது இயேசு. ஒட்டும்போது பாடுவேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பொட்டும் பூவுமாக இருந்துகொண்டே, "ஏசப்பா பாட்டு ஒண்ணு எடுத்து விடுக்கா, கை ஓடும்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விஸ்வநத்தம் பக்கத்திலுள்ள எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவில் நின்று அதையே பாடுவேன்.

ஒருநாள் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது பெண்கள் சங்கத் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே பேசினார்.

"வாரம் பூரா பிள்ளையார் படத்துல பசை தடவுத. இங்கன வந்து ஸ்தோத்திரம் பாடுத. அதுவும் அம்புட்டுச் சிரிப்பு மூஞ்சியோட! கிறிஸ்துமசுக்குப் பாட்டுக்குழுவுல நிக்கணும்னா அந்த வேலைய விட்டுட்டு வா."

வேலையை விட்டால் அவரா வந்து உலை வைப்பார்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.  சுற்றி நின்றவர்களில் சிலர் ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினார்கள்.  சற்றுமுன் ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பிய அதே ஆட்கள்.

அதற்கப்புறம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். சபை பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். குரல் வராது. கம்பெனியிலும் பாட்டு நின்றது. "என்னக்கா, தொண்ட கட்டிருச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன். எனக்குக் கர்த்தர் தந்த ஒரே சொத்து அந்தச் சந்தோஷம்தான். அதையும் ஒரு பொம்பளை வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளே என்று தூக்கம் வராமல் புரண்டேன்.

இதற்கிடையில் எங்கள் சபையின் காலண்டர் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கே வந்தது. மேய்ப்பனாக இயேசு நிற்கிற அட்டை. அதற்கென்று தினம் ஒரு வசனம் போட்ட தேதிக் கட்டு தனியாக உண்டு. அவசரத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் மற்றக் காலண்டர்களுக்கான கட்டை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ராகுகாலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் இயேசுவின் காலடியில். பார்சலும் போய், சபையார் வீடுகளுக்கும் கொடுத்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு தலைவி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்தீகளா! இவ கை பட்ட லட்சணம்!"

நான் அன்றைக்கு முருகன் மேசையில் இருந்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, சரியான கட்டு ஒட்டிக் கொண்டுவருவதாக மட்டும் சொன்னேன். வீடு வீடாகப் போய் வாங்கினேன். தலைவி வீட்டில், "கிழிச்சு அடுப்புல போட்டாச்சு" என்று பதில் வந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவரே என் வீட்டுக்கு வந்தார். இதுவரை என் வாசலை மிதிக்காதவர். நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"அந்தத் தப்புக் காலண்டர் இன்னொண்ணு இருக்கா? எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. கட்டிக்குடுத்த எம் மகளுக்கும் வேணுமாம். பேத்திக்குச் சம்பந்தம் பேச வாராக. மாப்ள வீட்டுக்காரக நேரங்காலம் பாக்காம கெளம்ப மாட்டாகளாம். நாமளும் ஒரு வார்த்த பாத்துக்கிடணும்ல?"

அடுப்பில் எரிந்த காலண்டர் பிழைத்து வந்து ஆணியில் தொங்குகிறது! வெளியே இயேசு படம், உள்ளே எமகண்டம். விருந்தாளி வந்தால் மேய்ப்பன் தெரிவார், ஆள் போனதும் குளிகை தெரியும். சீ என்றிருந்தது எனக்கு. இந்த வாய்க்குப் பயந்தா நான் இத்தனை வாரம் ஊமையாகக் கிடந்தேன்?

திரும்ப வாங்கியவற்றில் இன்னும் கட்டு மாற்றாமல் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முந்தானைக்குள் சொருகிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"யார்ட்டயும் சொல்லிராத என்ன? கிறிஸ்துமசுக்கு நீ பாட்டுக்குழுவுல நின்னுக்க. நான் சொல்லிக்கிடுதேன்."

காலண்டர் கேட்டபோது வந்த அருவருப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் பாட்டை என் வாய்க்கே பூட்டாகப் போடப் பார்த்தார் பாருங்கள், அதில்தான் உடம்பே கூசியது.

"சொல்ல மாட்டேங்க்கா. அதுக்காக நீங்க எனக்கு எடம் தர வேண்டாம். பாட்டு உங்ககிட்ட வாங்கினதில்ல."

சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றேன், முடியவில்லை. அவர் விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போனார்.

மறுநாள் கம்பெனியில் யாரும் கேட்காமலே பாட்டெடுத்தேன். கிறிஸ்துமஸ் காலையில் பாட்டுக்குழு முன்னால் நின்றது. நான் கடைசி பெஞ்சிலேயே நின்று, தொண்டை திறந்து பாடினேன். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தலைவி மட்டும் திரும்பவில்லை.