சொந்தக் கையால் ஒரு காவடி

அம்மையார்குப்பம் சக்திவேல் இருபத்தாறு வருஷமாகத் தறியில் லுங்கி நெய்கிறவர். மரத்தோடு அவருக்கிருந்த உறவு பல் குத்துவதோடு சரி. அப்படிப்பட்டவர்தான், மகள் மோனிகா டெங்குக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று திருத்தணி இருக்கும் திசையைக் கும்பிட்டு, "முருகா, பொண்ணு பொழச்சா என் கையாலயே காவடி செஞ்சு ஆடிக் கிருத்திகைக்கு எடுத்தாறேன்" என்று ஊர் கேட்க வேண்டிக்கொண்டார். மகள் பிழைத்தாள். காவடி வாடகைக்கே கிடைக்கும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அக்கா புருஷன் வேணு ஆர்.கே.பேட்டையில் கதவும் கட்டிலும் செய்கிறவர். உளியோடு வந்தவரை வாசலிலேயே மறித்தாள் சக்திவேலின் மனைவி அம்சா.

"அண்ணா, நீங்க தொடக்கூடாது. வாயாலயும் சொல்லக்கூடாது. அவரு கையாலன்னுதான் வேண்டிகினாரு. நாளைக்கு கொழந்தைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

வேணு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோயாளி எருக்கிலையை அரைத்துக் குடிக்கப் போவதைக் கைகட்டிப் பார்க்கும் வைத்தியர் மாதிரி ஆனது அவர் நிலைமை.

துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்று எப்போதும் கொஞ்சம் கூட விட்டு நெய்து பழகிய கை. வேப்பம் பலகையையும் இரண்டு விரற்கடை கூடவே அறுத்தார் சக்திவேல். மரம் சுருங்குகிற வழியாக இல்லை. காவடி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்தைக் குறைத்தார், மறுபக்கம் சாய்ந்தது. அதையும் குறைத்தார். மூன்று நாளில் அது பொம்மைக்குப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

"பாவா, எதுனா சொல்லேன்" என்று வேணுவைக் கெஞ்சினார்.

"ஒன் பொண்டாட்டி பாத்துகினு கீறா, மச்சான்."

இரண்டாவது காவடி அளவாக வந்தது. துளையிட்டு, முளை அடித்து, வளைவைப் பூட்டி, அசைத்துப் பார்த்தார். மலை போல் நின்றது. சந்தோஷத்தில், கஞ்சி போட்ட பாவு நூலை வெயிலில் காயவைப்பது போல, வெட்டி நாலு நாள்கூட ஆகாத அந்தப் பச்சை மரத்தை இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்தார். வேணு வாயைத் திறந்தார். அம்சா பார்த்தாள். வேணு கொட்டாவி விட்டதாகக் காட்டிக்கொண்டார்.

கிருத்திகையன்று பூ சுற்றித் தோளில் ஏற்றியபோதும் காவடி ஒழுங்காகத்தான் இருந்தது. திருத்தணி மலையின் இருநூறாவது படியில் 'கிறீச்' என்றது. காய்ந்து சுருங்கிய முளை துளைக்குள் ஆடியது. வளைவு மெல்லத் தலையில் இறங்க, சக்திவேல் இரு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் ஜனம், முன்னால் ஜனம். நிற்கவும் முடியாது, இறக்கவும் கூடாது.

"இன்னாபா, நடுவுல நின்னுகினு? போய்கினே இரு!"

"பாவா, புடியேன்!"

பக்கத்தில் ஏறிய வேணுவின் கை பாதி நீண்டது. அம்சாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "வேணாண்ணா," என்றாள். நீண்ட கை திரும்பிவிட்டது.

கூட்டம் சக்திவேலைச் சந்நிதி வரை தள்ளிக்கொண்டு போனது. எல்லோர் கையும் தலைக்கு மேல் குவிந்தது. சக்திவேலின் கைகளும் தலைக்கு மேல்தான் இருந்தன, ஆளுக்கொரு பக்கம். குவித்தால் காவடி விழும். குவிக்காவிட்டால் கும்பிட்ட கணக்கில் சேருமா? யாரிடம் கேட்பது? அர்ச்சகர் விபூதியை நீட்டினார். வாங்கக் கையில்லை.

"நவுருங்க, நவுருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மகளைப் பிழைக்கவைத்த சாமியை அண்ணாந்து பார்த்தபடியே, ஒரு கும்பிடுகூடப் போடாமல் சக்திவேல் நகர்ந்தார்.