வெற்றிலைத் தட்டும் சிவப்பு எச்சரிக்கையும்

1. லாஸ்ட் மைல்

பன்னாட்டு அமைப்பொன்றின் இராமநாதபுரம் அலுவலகத்தில் நான் இன்டர்னாகச் சேர்ந்த நாளில் எனக்கு முதலில் கிடைத்தவை ஒரு மழைக்கோட்டும் ஒரு சோடி ரப்பர் செருப்பும். மடிக்கணினி ஒரு வாரம் கழித்தே வந்தது. களப் பொறுப்பாளர் சேகர் சார் தொண்டிக்காரர். அவர் எனக்கு வேலையை விளக்கிய விதம் இன்றும் நினைவிலிருக்கிறது.

"புயல் எங்க வருதுன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேல இல்லம்மா. அதுக்குப் பெரிய ஆளுக இருக்காக. எச்சரிக்கை ஊரு வரைக்கும் நொடியில வந்துரும். ஊருல இருந்து வீட்டுக்குள்ள போகத்தான் நேரமாகும். அதுக்குப் பேரு லாஸ்ட் மைல். அதத்தான் நீ நடக்கப் போற."

நான் நடக்க வேண்டிய ஊர் காரங்காட்டுக்கு அருகே, கடலையொட்டி இருந்தது. இரண்டே தெருக்கள். மேட்டில் மேலத்தெரு, அலை தொடும் தாழ்வில் கீழத்தெரு. மேலத்தெருவின் முகப்பில் அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் இரண்டு மாடிகளோடு நின்றது. புயல் இல்லாத நாள்களில் அதுவே ஊரின் கல்யாண மண்டபம்.

நான் வீடு வீடாகத் தொலைபேசி எண்களைத் திரட்டினேன், சைரனைச் சோதித்தேன், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளின் பொருளை இரு தெருக்களிலும் விளக்கினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். இரு தெருக்களிலும் மீன்குழம்பு தந்தார்கள். அமைப்பின் பணியில் இதைவிட மகிழ்ச்சியான தொடக்கம் யாருக்கும் வாய்த்திருக்காது என்று நம்பியிருந்தேன்.

2. முகூர்த்தம்

அந்தக் கார்த்திகையில் மேலத்தெரு நம்புராஜனின் மகள் பவித்ராவுக்குத் திருமணம். இடம், சொல்ல வேண்டியதில்லை, பாதுகாப்பு மையம். நம்புராஜன் சொந்தப் படகு வைத்திருப்பவர், ஊரில் மதிப்புள்ளவர். என்னையும் அழைத்திருந்தார்.

முந்தின நாள்வரை மஞ்சள் எச்சரிக்கைதான் இருந்தது. முகூர்த்தத்தன்று காலையில் நான் பட்டுப் புடவையோடு பந்தலுக்குள் நுழைந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சிவப்பு. மாலைக்குள் கடல்நீர் தாழ்வான பகுதிக்குள் புகக்கூடும் என்பது செய்தி. கீழத்தெருவை முற்றாகக் காலி செய்ய வேண்டும்.

எனக்கு ஒருவகையில் நிம்மதியே ஏற்பட்டது. பாதுகாப்பு மையம் திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, அடுப்பு மூட்டியாயிற்று, மைக் செட் கட்டியாயிற்று. இத்தனை ஏற்பாட்டுடன் எந்தப் புயலை யார் வரவேற்றிருக்கிறார்கள்? தாலி கட்டி முடிந்ததும் மைக்கை வாங்கி, "கீழத்தெரு மக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பு மையத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தேன். குழல் ஒலிபெருக்கி ஒன்று கீழத்தெருவை நோக்கியே கட்டப்பட்டிருந்தது. சைரனும் ஒலித்தது. குறுஞ்செய்திகளும் போயின.

ஒருவரும் வரவில்லை.

3. அழையாத வீடு

காற்றில் குடை நிற்கவில்லை. மழைக்கோட்டைப் பட்டுப் புடவைமேல் மாட்டிக்கொண்டு கீழத்தெருவுக்கு ஓடினேன். வாசல்களில் எல்லாரும் நின்றிருந்தார்கள். அறிவிப்பு அவர்கள் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. மீன் விற்கும் பாக்கியம் அக்கா இடுப்பில் கைவைத்தபடி என்னை எதிர்கொண்டார்.

"மைக்குல கூப்புட்டா கல்யாண வீட்டுக்கு வந்துருவமா? நாங்க என்ன சோத்துக்கா அலையுறோம்?"

"அக்கா, கல்யாணத்துக்கு இல்லை. புயலுக்குக் கூப்பிடுகிறோம்."

"புயலு எங்கன இருக்கு? இன்னும் கடல்ல இருக்கு. அங்கன இப்ப நடக்குறது கல்யாணம். பத்திரிக வைக்காத வீட்டுல போயி எப்புடிம்மா நிக்கிறது? பந்தியில ஒரு பய 'நீ எங்க வந்த'ன்னு கேட்டா மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்க?"

பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "அவ கூடப்பொறந்த அண்ணனே அவள அழைக்கல. எங்கள யாரு அழைப்பா?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: பாக்கியம், நம்புராஜனின் உடன்பிறந்த தங்கை. மணப்பெண்ணுக்குச் சொந்த அத்தை. இரண்டாண்டுகளுக்கு முன் அண்ணன் படகு தங்கை வீட்டு நண்டு வலையை அறுத்துச் சென்றது. வலை போனதைவிட, அப்போது இரு பக்கமும் விழுந்த சொற்கள் ஆறவில்லை. அந்தப் பிணக்கில் தெருவுக்கே அழைப்பு இல்லை; அழைக்காத திருமணத்துக்குப் போவதில்லை என்று தெருவும் முடிவெடுத்திருந்தது. அத்தனை வீடுகளில் மீன்குழம்பு உண்டும் நான் கேட்டறியாத செய்தி இது.

மண்டபத்துக்குத் திரும்பி நம்புராஜனிடம் கெஞ்சினேன். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வரவேணாம்னா சொன்னேன்? கவர்மெண்ட்டு கட்டடம். யாரு வேணாலும் வரலாம்."

"நீங்கள் ஒரு வார்த்தை அழைத்தால் போதும், அண்ணே."

"தாலி கட்டுன பெறகு போயி அழைக்கவா? ஊரு சிரிக்கும்."

சமையல் மாஸ்டர் பரமக்குடிக்காரர். அவர் கரண்டியோடு வந்து, "யம்மா, நான் கல்யாணத்துக்கு வந்தவன். புயலுக்கு வரல. ஒரு தெருவுக்குச் சேத்துப் பொங்கணும்னா இப்பயே சொல்லிருங்க" என்றார். வெளியே, கரையேற்றி வைத்த வள்ளங்களின் அடிப்பாகத்தை அலை நக்கத் தொடங்கியிருந்தது.

4. ஊர்வலம்

மணமேடையிலிருந்து பவித்ரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையைக் கழற்றாமலே எழுந்து தந்தையிடம் சொன்னாள்.

"அய்யா, பெரியவுக கிட்ட விழுந்து கும்புட்டுத் திருநீறு வாங்கணும்ல? அத்த கிட்ட இன்னும் வாங்கல. போயிட்டு வாரோம்."

அவள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். அவன் தன் தாயின் முகத்தைப் பார்த்தான், தாய் தலையசைத்தார். பெண் நடந்தால் மேளம் நடக்க வேண்டும். மேளம் நடந்தால் கூட்டம் நடக்க வேண்டும். நாகசுரக்காரர், "சீவாளி நனஞ்சா சத்தம் வராதுங்க" என்று குழலின் ஊதுவாயைத் துடைத்து முனகிவிட்டு, வாசித்துக்கொண்டே இறங்கினார். சிவப்பு எச்சரிக்கை விடுத்தபின் கடலை நோக்கி ஒரு கூட்டத்தை நடக்கவிட்ட இன்டர்ன் உலகில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசி ஆளாக, மழையில் நனைந்தபடி, வெற்றிலைத் தட்டோடு நம்புராஜனும் வந்தார். தட்டை யார் அவர் கையில் கொடுத்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

பாக்கியம் அக்கா மருமகளைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். இருவரும் காலில் விழுந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "நல்லா இருப்பே தாயி" என்றார். ஆனால் வாசலைவிட்டு அசையவில்லை.

"நீ வந்தே, சரி. கூப்புட வேண்டியவுக கூப்புடணும்."

மேளம் நின்றது. எல்லாரும் நம்புராஜனைப் பார்த்தோம். அவரோ கடலைப் பார்த்தார். அலையொன்று வள்ளங்களைத் தாண்டி வந்து, தெருமுனையில் நின்ற அவர் காலை நனைத்துத் திரும்பியது. அவர் தட்டை இரு கைகளிலும் ஏந்தினார்.

"பாக்கியம், மக கல்யாணம். குடும்பத்தோட வந்துரணும்." பிறகு தெருவை நோக்கிக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் வாங்கப்பா. ஒருத்தரும் விடாம வாங்க."

"இதச் சொல்ல ரெண்டு வருசமாண்ணே?" பாக்கியம் அக்கா வெற்றிலையை எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். உடனே, "என்ன சாப்பாடு?" என்றார்.

"சாம்பாரு, பாயசம்…"

"கடக்கரைக் கல்யாணத்துல சாம்பாரா! வெளங்குன மாதிரிதான். ஏலே முருகா, அந்த நெத்திலிக் கருவாட்டு மூட்டைய எடுத்துக்க, ராத்திரிக்கு ஆகும். ஏ ராக்கு, அரிசியத் தூக்கு. அடியே, டிவிய அப்பறம் பாக்கலாம், மாமியாள மொதல்ல தூக்கு!"

எங்கள் சைரன் செய்யாததை அந்தக் குரல் செய்தது. வீடு வீடாக அவர் போய் நிற்க, பூட்டுகள் விழுந்தன. அரிசி மூட்டைகள், குக்கர்கள், ஆடுகள், கூடைக் கோழிகள், மடியில் குழந்தைகள். முன்னே மேளம், பின்னே தெரு. ஊர்வலம் மேடேறியது. மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். "பருப்ப எடுங்கடா!" என்று உள்ளே கத்தினார்.

5. சேனல்

மாலையில் கடல் கீழத்தெருவுக்குள் வந்தது. பாக்கியம் அக்கா வீட்டில் முழங்கால் அளவு நீர் நின்றது. வீட்டில் மனிதர் எவருமில்லை. எந்த வீட்டிலும் இல்லை. பாதுகாப்பு மையத்தின் மாடியில் மாப்பிள்ளை வீட்டாரும் கீழத்தெருவினரும் இலையோடு இலை ஒட்டி அமர்ந்து உண்டார்கள். காற்று சன்னலை அறைந்தபோதெல்லாம் நாகசுரக்காரர் இன்னும் உரக்க வாசித்தார். மணமக்களுக்கு ஒதுக்கியிருந்த அறையில் கோழிக்கூடைகள் இருந்தன. பாக்கியம் அக்கா பரிமாறும் வாளியை மாஸ்டரிடமிருந்து பறித்து, அண்ணன் இலையில் இரண்டு முறை பாயசம் ஊற்றினார்.

சேகர் சார் தொலைபேசியில் அழைத்தார். "கீழத்தெரு எத்தன வீடு காலி?"

"எல்லா வீடும், சார்."

"சபாஷ்! எந்தச் சேனல் வேல செஞ்சுச்சு? எஸ்எம்எஸ்ஸா, சைரனா? தலைமை ஆபிசுக்கு எழுதணும்."

"வெற்றிலை பாக்கு, சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே எழுதும்மா. அவுகளுக்கு வெளங்குற மாதிரி நான் மாத்திக்கிறேன்."

6. இன்டர்ன்களுக்கு

இப்போது புதிய இன்டர்ன்களுக்கு நான்தான் ரப்பர் செருப்பு கொடுக்கிறேன். ஓர் ஊருக்குள் நுழைந்ததும் சைரனைச் சோதிக்குமுன் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவதில்லை என்று கேட்டு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். எச்சரிக்கை, வரப்போவதைச் சொல்கிறது. போகுமிடத்தில் நம்மை எதிர்பார்த்து ஒருவர் நிற்கிறார் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல, அந்த ஊரார்தாம் வாசலேறி வர வேண்டும்.

அந்த ஊரில் இப்போது ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஒத்திகை நடக்கிறது. வீடு வீடாக வெற்றிலைத் தட்டேந்திப் போய் அழைக்கும் பொறுப்பைப் பாக்கியம் அக்கா வேறு எவரிடமும் கொடுப்பதில்லை. கீழத்தெருவை முடித்து, மேலத்தெருவுக்கு ஏறி, கடைசியாகவே அண்ணன் வீட்டு வாசலுக்கு வருவார். மையம் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இருந்தும் நம்புராஜன் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் காத்திருப்பார்.

"அண்ணே, புயல் ஒத்திக. குடும்பத்தோட வந்துரணும்."

"வாரேன், வாரேன். என்ன சாப்பாடு?"

"சாம்பார் இல்ல, வா."