பழமலை கோட்டு

தனக்கோடி அண்ணன் ஸ்டுடியோவுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கம்ப்யூட்டர் கோளாறு செய்தால் மனுஷன் சுவரைத் தட்டுவார். எழுந்து வந்து கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. நானும் தலையெழுத்தே என்று போவேன்.

இந்த முறை, படங்கள் இருக்கும் ஃபோல்டர் திறந்த கையோடு தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடியது.

"தூசி பாய், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

விருத்தாசலத்தில் எது கெட்டாலும் செராமிக் கம்பெனிகளின் தூசி மேல்தான் பழி. பெட்டியைக் கழற்றி, வெள்ளையாகப் படிந்திருந்ததை ஊதினேன். ரேமை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். வைரஸ் பார்த்தேன். விண்டோஸையே மாற்றிப் போட்டேன். ஃபோல்டர் அசைந்து கொடுக்கவில்லை.

தனக்கோடி அண்ணன் முன்பு பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். மூச்சு வாங்குகிறது என்று விட்டுவிட்டு ஸ்டுடியோ வைத்தார். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு கல்யாண வேலையெல்லாம் போய், பாஸ்போர்ட் சைஸும் எப்போதாவது ஒரு காதுகுத்தும்தான் மிஞ்சின. யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டார். "மோவாயத் தூக்கு", அவ்வளவுதான் அவர் பேச்சு. நல்லா இருக்கு என்று ஒருத்தரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்டர்வியூவுக்குப் போகிற பையன்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். ஒல்லிப் பையன்களுக்கு முதுகுப் பக்கம் பிடித்து கிளிப் போடுவார். முன்னால் பார்த்தால் கலெக்டர், பின்னால் பார்த்தால் துணி காயப்போட்ட கொடி.

படங்களுக்குப் பேர் வைப்பதில்தான் அவரை மன்னிக்கவே முடியாது. பழமலைநாதர் கோயில் இருக்கிற ஊரில் தெருவுக்கு நாலு பழமலை இருப்பான். இவர் பாட்டுக்கு 'பழமலை', 'பழமலை மீசை', 'பழமலை கோட்டு' என்று போட்டு வைப்பார். இனிஷியல் போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஃபோல்டரத் தொறந்தா குட்டிப் படத்துல மூஞ்சி தெரியுது. பேரு எதுக்கு பாய்?" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் கொளஞ்சியம்மாள் வந்தாள். அகல்விளக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். டிப்ளமோ முடித்த அவள் மகன் சென்னைக்கு இன்டர்வியூ போகிற வழியில், வேப்பூரில் பஸ் மாறும்போது லாரி அடித்துப் போய்ச் சேர்ந்திருந்தான். பை, போன், பையில் இருந்த படங்கள், ஒன்றும் தேறவில்லை.

"கருமாதிக்கு வைக்கப் படம் இல்ல சார். சின்னப் புள்ளையா இருந்தப்ப எடுத்ததுதான் வூட்ல இருக்குது. வளந்த புள்ளைய அதுல எப்பிடிக் கும்புடுறது? பொறப்படுறதுக்கு மொத நாளு உங்ககிட்டதான் எடுத்தான்."

"பேரு?" என்று கேட்டேன்.

"பழமலை."

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"காதோரம் தழும்பு இருக்குமே, அந்தப் புள்ளதான?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமாங்க சார்! சைக்கிள்லேருந்து வுழுந்தது." அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

குட்டிப் படங்களே வராதபடி நிறுத்திப் பார்த்தேன். ஃபோல்டர் திறந்தது, மூடவில்லை. ஆனால் திரை முழுக்க வெறும் பேர்களும், கம்ப்யூட்டர் தானாகப் பின்னால் போட்ட நம்பர்களும். பழமலை, பழமலை, பழமலை. தேதியை வைத்துப் பிடிக்கலாம் என்றால், அண்ணன் காமிராவிலும் கம்ப்யூட்டரிலும் என்றைக்குமே தேதி சரியாக இருந்ததில்லை. ஒவ்வொன்றாகத் திறப்பதைத் தவிர வழியில்லை. கொளஞ்சியம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். அடுத்ததற்கும் "இல்ல." பெற்றவர்கள் வேறு வேறு, கோட்டு மட்டும் ஒன்று. நடுவில் ஒரு 'பழமலை கோட்டு' திறந்ததும் எல்லாம் மூடிக்கொண்டது. திரும்ப ஃபோல்டரைத் திறந்து, அதைத் தாண்டிப் போனேன். கடைசிவரை பார்த்துவிட்டோம். அவன் இல்லை.

"நடுவுல ஒண்ண வுட்டுட்டீங்களே சார்" என்றாள்.

அண்ணனைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. அவன் படத்தைக் காமிரா கார்டிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கரண்ட் போயிருக்கிறது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து எத்தனையோ காலம். கார்டில் அதன்மேல் ஒரு காதுகுத்துப் படங்கள் ஏறிவிட்டன. இத்தனை நாளாகக் கம்ப்யூட்டர் இந்த ஒரு படத்தைக் காட்டப் பார்த்துத்தான் விழுந்துகொண்டிருந்தது.

கடலூரில் கெட்டுப்போன ஃபைல்களை மீட்டெடுக்கிற தெரிந்தவர் ஒருவருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். வேலை விட்டதும் கொளஞ்சியம்மாள் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். கடலூர்க்காரர் கடைசியில் போன் செய்தார். "பேரு மட்டுந்தான் பாய் இருக்குது. உள்ள படம் இல்ல."

அண்ணன்தான் அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள்.

"அவனுக்குப் பெருசா இருந்திருக்குமே."

"பின்னால கிளிப்பு போட்டேம்மா."

"போட்டுக்கினு எப்பிடி சார் இருந்தான்?"

அந்தக் கோட்டில் அவனைப் பார்த்த ஆள் தனக்கோடி ஒருவர்தான். "நல்லா இருந்தாம்மா. ஆபீசர் கணக்கா இருந்தான்" என்றார்.

கருமாதிக்கு அந்தச் சின்ன வயசுப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். பள்ளிக்கூட யூனிபார்மில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முகம் தெரியாமல் வேலை ஓடவில்லை என்று அண்ணன் குட்டிப் படங்களைத் திரும்ப வரவைக்கச் சொன்னார். கோளாறும் கூடவே வந்துவிட்டது. புதுப் படங்களுக்கு வேறு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு படத்தைத் தூக்கிவிட்டால் பழைய ஃபோல்டரும் சரியாகிவிடும், தூக்கட்டுமா என்று கேட்டேன். "அதுல கை வச்சீங்கன்னா பாருங்க பாய்" என்று எகிறினார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கொளஞ்சியம்மாள் இப்போதும் வருகிறாள். "தொறந்துச்சா சார்?" என்பாள். அண்ணன் அவள் எதிரிலேயே பழைய ஃபோல்டரைத் திறந்து, அது மூடுவதற்குள் அந்தப் 'பழமலை கோட்டு' மேல் மவுஸால் இரண்டு தட்டு தட்டுவார். எல்லாம் மூடிக்கொள்ளும்.

"இல்லம்மா."

"சரி சார், போயிட்டு வரேன்" என்று அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடப்பாள்.