பூட்டக்காவின் பிடிவாதக் கடிகாரம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த அவளை வாட்ச்மேன் முதல் டாக்டர்கள் வரை எல்லாரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று மலைபோல் குவிந்து கிடந்த கோப்புகளை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் முறையை உருவாக்கியவள் அவள்.

அதற்கு முன் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருந்தாள். அங்கே ஒரு நாள் யாரோ தப்பான இடத்தில் ஒரு கட்டளையைத் தட்டிவிட, வயதான புகைப்படக்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் எடுத்த படங்கள் மொத்தமாகப் போய்விட்டன. அவர் கத்தவில்லை. காலித் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை தேடிப் பாரும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் அந்தப் பூட்டு. ஒவ்வொரு கோப்புக்கும் 'இன்ன தேதி வரை இருக்க வேண்டும்' என்று ஒரு கெடு. கெடு முடியாமல் யாராலும் அதை அழிக்கவோ திருத்தவோ முடியாது. எல்லா உரிமையும் உள்ள துறைத் தலைவராலும் முடியாது, அவளாலும் முடியாது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கணினியின் தேதியை யாராவது முப்பது வருஷம் எதிர்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டால், கெடு முடிந்தது என்று பூட்டே நம்பித் திறந்துகொள்ளும். அதற்காகப் பூட்டுக்குள்ளேயே தனியாக ஒரு கடிகாரம் வைத்தாள். யார் சொன்னாலும் கேட்காது. தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். மற்றக் கடிகாரங்களோடு கொஞ்சம் முன்பின் ஆகி அடிக்கடி எச்சரிக்கை மணி அடித்து எல்லார் கழுத்தையும் அறுக்கும். அதற்குப் பிடிவாதக் கடிகாரம் என்று பெயர் வந்தது.

"வீட்ல ஒரு பிடிவாதம் பத்தாதுன்னு ஆபீஸ்லயும் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டான் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக் அவன்.

தேடுவதற்கும் ஒரு வழி செய்திருந்தாள். பெயரையும் எண்ணையும் வைத்துத் தேடும் பெரிய அட்டவணை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அட்டவணை போய்விட்டால் கோப்புகள் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் ஒவ்வொரு கோப்பையும் பூட்டும் முன் அதிலுள்ள முக்கியமான சொற்களைப் பொறுக்கி, சின்ன முடிச்சாகக் கட்டி, கோப்போடு சேர்த்தே பூட்டினாள். அதை வால் என்றார்கள். அவசரத்துக்கு வாலைப் பிடித்துக் கோப்பை இழுக்கலாம்.

கோப்புகள் இரண்டு இடங்களில் இருந்தன. பழையவை பிரதான கட்டடத்தின் அடித்தளத்தில். புதியவை எதிரே புதிதாகக் கட்டிய கட்டடத்தில். புதிய கட்டடத்தில் இயந்திரங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால், மணி ஓயாமல் அடிக்கிறதே என்று அங்கே மட்டும் பிடிவாதக் கடிகாரத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். அது தலைவரும் அவளும் பேசி எடுத்த முடிவு.

அன்று காலை அவள் நாற்காலியில் உட்காரும்போதே அறை ஒரு மாதிரியாக இருந்தது. எதிர் மேசையில் இருந்த இளைஞன், தடித்த கண்ணாடி போட்டதால் சோடா என்று பெயர் வாங்கியவன், எழுந்து நின்றபடி விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, வார்டுல எல்லா ஸ்கிரீனும் கறுப்பா போச்சாம். ஒவ்வொரு மாடியிலேர்ந்தும் போன் வருது."

அவள் எட்டிப் பார்த்தாள். தலைவரின் கணக்குக்குள் யாரோ நுழைந்திருந்தார்கள். தலைவரோ வெறுங்கையோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இங்க நிக்கிறேன். அங்க நான் எல்லாத்தையும் அழிச்சிட்டிருக்கேன்," என்றார்.

திரையில் அழிக்கும் கட்டளைகள் வரிசையாக ஓடின. பெயர் அட்டவணை போனது. அடுத்து பூட்டிய கோப்புகள் மேல் கைவைத்தார்கள். பூட்டு மறுத்தது. மறுபடி முயன்றார்கள், மறுபடி மறுத்தது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பூட்டக்கா திரையருகே குனிந்தாள்.

"தேதியப் பாரு," என்றாள்.

சோடா பார்த்தான். "அக்கா... வருஷம் ஓடுது."

தேதி தாவித் தாவிப் போனது. புதிய கட்டடத்தில் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கெடு முடிந்து திறந்துகொண்டன. திறந்த கையோடு கோப்புகள் மறைந்தன. அடித்தளத்தில் மட்டும் எதுவும் அசையவில்லை. பிடிவாதக் கடிகாரம் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அன்றைய தேதியையே சொல்லிக்கொண்டிருந்தது.

"கேபிளப் பிடுங்குங்க! ரெண்டு கட்டடத்துலயும்!" என்று அவள் கத்தியபோது தலைவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். புதிய கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அடித்தளம் தப்பியது. வெளித்தொடர்பை எல்லாம் அறுத்துப் போட்டார்கள்.

மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த நேரத்தில் மூளை அறுவை சிகிச்சை டாக்டரம்மா நேராக அறைக்குள் வந்தார். பின்னாலேயே ஒரு பெண். கையில் ஆண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி.

"வெல்டர் ஒருத்தர் மயக்கமா வந்திருக்கார். பல வருஷத்துக்கு முன்னாடி இங்கதான் தலையில ஆபரேஷன். ஊதின ரத்தக்குழாய்ல ஒரு கிளிப் போட்டிருக்கு. சி.டி. எடுத்தா கிளிப்பச் சுத்தி ஒரே வெளிச்சமா சிதறுது, ஒண்ணும் தெரியல. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் எனக்குச் சீக்கிரம் வழி தெரியும். ஆனா கிளிப் பழைய இரும்பு வகையா இருந்தா அந்தக் காந்தம் அதைத் திருகிடும். ஆள் அங்கயே போயிடுவார். என்ன கிளிப்னு எனக்குத் தெரியணும்."

"எந்த வருஷம்?"

செருப்போடு நின்ற பெண் பதில் சொன்னாள். "பெரியவளப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம். சின்னவ வயித்துல இருந்தா." கணக்குப் போட்டால் அடித்தளமும் புதிய கட்டடமும் பிரிகிற அதே காலம். இருந்தாலும் இருக்கும், போயிருந்தாலும் போயிருக்கும்.

"சாரம் சரிஞ்சு விழுந்தாரு. தலைக்குள்ள ரத்தம் கட்டிடுச்சு. தாடையும் உடைஞ்சு கம்பி வெச்சுக் கட்டினாங்க," என்றாள் அவள். சொல்லும்போது அவள் கை தானாகத் தன் வலது நெற்றிப்பொட்டுக்குப் போனது.

தலைவர் தயங்கினார். "அவங்க இன்னும் எங்கயாவது உள்ள ஒளிஞ்சிருந்தா? அடித்தளத்தத் திறந்தா அதுவும் போயிடும்."

"நெட்வொர்க்ல சேர்க்க வேண்டாம் சார். பெட்டி பிரிக்காத புது லேப்டாப் ஒண்ணு இருக்கு. கீழ போய் நேரா ஒரே ஒரு கேபிள்ல மாட்டிக்கிறேன். படிக்க மட்டும்தான். எழுத முடியாது."

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "போ. கதவுல நான் நிக்கிறேன். வேற எந்த வயரையும் யாரையும் தொட விடமாட்டேன்."

அடித்தள அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. விசிறிகளின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தால்தான் கேட்டது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, வால்களின் மேல் தேடலை ஓடவிட்டாள். பெயர் அட்டவணை இல்லாததால் ஒவ்வொரு வாலையும் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். வெல்டரின் பெயரை மூன்று விதமாக எழுதலாம். மூன்றையும் கொடுத்தாள். கூடவே 'கிளிப்', 'மூளை' என்ற சொற்களையும் கொடுத்தாள்.

மேலே இருந்து சோடா போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். "அக்கா, டாக்டரம்மா கேக்கறாங்க. அக்கா, ஏதாவது தெரியுதா?"

"ஓடுதுடா. நீ கத்தினா வேகமா ஓடாது."

ஒன்று வந்தது. அதே பெயர், வயதும் ஏறக்குறைய அதே. மூளை ரத்தக்குழாயில் டைட்டானியம் கிளிப். டைட்டானியத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "டைட்டானியம்! டைட்டானியம்னு சொல்லு!" என்று போனில் கத்தினாள். மறுமுனையில் சோடா ஓடும் சத்தம் கேட்டு, தொடர்பு அறுந்தது.

அவள் அந்தக் குறிப்பைக் கீழே நகர்த்தி மிச்சத்தையும் படித்தாள். எந்த விபத்தைப் பற்றியும் அதில் பேச்சில்லை. தாடை பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியில் எழுதியிருந்தது: இடது பக்கம்.

நெற்றிப்பொட்டுக்குப் போன அந்தக் கை அவள் கண்முன் வந்தது. வலது கை, வலது பக்கம்.

சோடாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். கதவில் நின்ற தலைவர், "என்னாச்சு?" என்றார்.

"அது அவர் இல்ல சார்! தேடல் இன்னும் ஓடுது, நிறுத்தாதீங்க! தாடைன்னு சேர்த்துப் போடுங்க!"

லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றிருந்தது. படிக்கட்டில் ஏறினாள். ஸ்கேன் அறைகள் இரண்டாம் மாடியில். ஒரு திருப்பத்தில் செருப்பு வழுக்கி முழங்கால் படியில் இடித்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது. நடைபாதையின் கோடியில் தள்ளுபடுக்கை ஒன்று எம்.ஆர்.ஐ. அறையின் கனத்த கதவை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! உள்ள கொண்டு போகாதீங்க!"

ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கதவருகிலிருந்து வெளியே வந்தார்.

"இப்பத்தானே டைட்டானியம்னு சொன்னீங்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "சி.டி.ல கிளிப்... எந்தப் பக்கம்?"

"வலது."

"நான் சொன்னது இடது பக்கம். அது வேற ஆள். பேர் மட்டும்தான் ஒண்ணு."

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். படுக்கையின் கம்பியைப் பிடித்துத் தானே பின்னால் இழுத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. "பக்கத்தை நானும் கேட்டிருக்கணும்," என்றார் பிறகு, யாரையும் பார்க்காமல்.

அப்போது பூட்டக்காவின் போன் அடித்தது. தலைவர்.

"கிடைச்சிடுச்சு. சாரத்துலேர்ந்து விழுந்தது, தாடைக்குக் கம்பி, வலது பக்கம். மூணாவது விதமா எழுதின பேரு. வாசிக்கிறேன், கேளு." அவர் கிளிப்பின் வகையை எழுத்து எழுத்தாக வாசித்தார். அவள் அதை அப்படியே உரக்கச் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "பழைய இரும்பு. உள்ள போயிருந்தா..." ஊழியர்களிடம் திரும்பி, தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் அறைக்குப் படுக்கையைத் திருப்பச் சொன்னார். அதற்கு நேரம் அதிகம் ஆகும், ஆனால் காந்தம் கிடையாது.

வெல்டரின் மனைவி சுவரோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா சொல்றீங்க? அவர எங்க கொண்டு போறாங்க?" என்றாள். பூட்டக்கா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள், தன் வாயிலிருந்து முதலில் தப்பான பதில் போனது உட்பட. கேட்டு முடித்ததும் அந்தப் பெண் பூட்டக்காவின் முழங்காலைக் காட்டினாள். புடவையில் ரத்தம் ஊறியிருந்தது.

பழைய கிளிப்புக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் மறுபடி ஊதியிருந்தது. அன்று மாலைக்குள் அதைச் சரிசெய்தார்கள். வெல்டர் பிழைத்தார். பேச்சு மட்டும் குழறியது. மனைவிக்குப் புரிந்தது, மற்றவர்களுக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது. வெல்டிங் வேலைக்கு அவர் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் கணவன் கேட்டான். "எல்லாரும் உன்னைப் பாராட்டியிருப்பாங்களே?"

"பாராட்டினாங்க. ஆனா ஒரு நிமிஷம் நான் அந்த ஆளைக் கொன்னிருந்தேன்."

அவன் எழுந்து போனான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அடுத்த வாரங்களில் அவள் வாலைத் தேடும் முறையை மாற்றி எழுதினாள். இனிமேல் பெயர் மட்டும் பொருந்தினால் கோப்பு திறக்காது. உடம்பின் பக்கம், பழைய காயம், ரத்தவகை போன்ற வேறு இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும். பொருந்தாததை எல்லாம் சிவப்பில் முதலில் காட்டும். டாக்டர்கள் சிலர் இது தொல்லை என்று முனகினார்கள். டாக்டரம்மா அவர்களோடு சண்டைக்கே போனார். தலைவர் பிடிவாதக் கடிகாரத்தைப் புதிய கட்டடத்தில் தானே மறுபடி ஓடவிட்டார். அங்கே பூட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை.

அங்கே அழிந்தவற்றைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல யாராவது வேண்டும் என்றபோது பூட்டக்கா தானே கையைத் தூக்கினாள். ஒரு நாள் காலை ஓர் இளம்பெண் வந்தாள். அவளுடைய குழந்தை பிறந்து மூச்சு விடாமலே போயிருந்தது. வயிற்றுக்குள் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படம் மட்டும்தான் அதன் முகம். அப்போது அதைப் பார்க்கத் தெம்பில்லை, இப்போது வேண்டும் என்றாள்.

பூட்டக்கா அந்தத் தேதியைக் கேட்டாள். கேட்டதுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அடித்தளத்தில் தேடினாள், பெயரின் எல்லா எழுத்து விதங்களிலும், ஒரு முறைக்கு இரு முறை. பிறகு நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. போயிடுச்சு. எங்ககிட்ட இருந்துதான் போச்சு," என்றாள்.

அந்தப் பெண் அழுதாள். அழுது முடிக்கும்வரை பூட்டக்கா எழுந்திருக்கவில்லை.