நாத்திகரிடம் பெற்ற பயிற்சி

சென்ற ஞாயிறன்று எங்கள் ஆலயத்தில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. இதில் பத்தி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குழந்தை தானே நடந்து சென்று, திருமுழுக்குத் தொட்டியைப் பற்றிக்கொண்டு நின்றது. எங்கள் சபை வழக்கப்படி, கைக்குழந்தையாக இருந்தபோதே முடிந்திருக்க வேண்டிய சடங்கு அது.

காலம் தாழ்ந்ததற்குக் காரணம் நான். என் ஆயத்தம் அவ்வளவு விரிவானது.

குழந்தையின் தாய் எஸ்தர் முன்பொரு நாள் என் வீட்டிற்கு வந்து கண்கலங்கினார். கணவர் குணசீலன் சுரங்கத்தில் பணிபுரிபவர்.

"ஞானஸ்நானமே வேணாங்கிறாரு சார். கோவில் பக்கமே வர்றதில்ல. எப்பப் பாரு அந்த ஃபோர்மேன் கூடவே சுத்திக்கினு இருக்காரு. புள்ளைய இன்னும் பாப்பா, பாப்பான்னுதான் கூப்புடுறோம். நீங்க சபைச் செயலாளர்... பேசுங்க சார்."

அந்த ஃபோர்மேன் கலியபெருமாள், நெய்வேலி நகரியம் அறிந்த நாத்திகர். நோய் இன்னதென்று எனக்கு விளங்கிவிட்டது. மருந்து? நாத்திகர் எழுப்பும் மறுப்புகளை ஒன்றுவிடாமல் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் விடை எழுதிக்கொண்டு செல்வது. நான் தமிழாசிரியன். ஆயத்தமின்றி வகுப்பறைக்குள் நுழைந்தவன் அல்லன்.

ஆனால், மறுப்புகளுக்கு எங்கே போவது? சபையாரைக் கேட்டேன். போதகர் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே கலியபெருமாளையே அணுகினேன்.

"என்னை மடக்குறதுக்கு என்கிட்டயே கேள்வி வாங்க வந்திருக்கீங்களா சார்?"

"ஆம்."

"சரி. வியாழக்கெழம எனக்கு வீக்லி ஆஃப். டீல சர்க்கர தூக்கலா இருக்கட்டும்."

வியாழன்தோறும் வந்தார். உலகில் துன்பம் ஏன், அற்புதங்களைக் கண்டவர் யார், நான்கு நற்செய்திகளும் ஏன் வேறுபடுகின்றன... மொத்தம் முப்பத்தேழு மறுப்புகள். என் விடைகளை அவரே திருத்தவும் செய்தார்.

"இந்த எடம் வீக்கா இருக்கு சார். நானா இருந்தா இங்கதான் அடிப்பேன்."

"கடவுள் இல்லை என்கிறீர். உம் பெயரிலேயே பெருமாள் இருக்கிறாரே?"

"அது எங்கப்பா பண்ண தப்பு. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

நான் இருபதாம் மறுப்பில் இருந்தபோது குழந்தை தவழ்ந்தது. முப்பதாவதில் எழுந்து நின்றது.

ஆயத்தம் சென்ற மாதம் நிறைவுற்றது. முதல் ஷிப்ட் முடிந்து குணசீலன் வீடு திரும்பும் வேளையில், குறிப்பேட்டுடன் சென்றேன். படிக்கத் தொடங்கினேன். பணியுடையைக்கூட மாற்றாமல், மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் விடை முடிந்ததும் மெல்லக் கேட்டார்:

"இதெல்லாம் யாரு கேட்டது சார்?"

"நீங்கள்தாம்... உங்கள் உள்ளத்தில்—"

"நான் கேக்கலீங்களே. எனக்குச் சாமி மேல ஒரு சந்தேகமும் இல்ல. தெனம் ஜெபம் பண்ணிட்டுதான் மைன்ஸ்ல எறங்குறேன்."

"பிறகு, அந்த ஃபோர்மேனோடு ஏன் திரிகிறீர்கள்?"

"அவரு ஸ்கூட்டர் வெச்சிருக்காரு சார்."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். திருமுழுக்கு விண்ணப்பம். குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை என்னும் இடத்தில் அவர் அண்ணன் தாவீதின் பெயர். அதன் குறுக்கே சிவப்பு மையில், 'குவார்ட்டர்ஸ் எண் இல்லை. சபை உறுப்பினர் அல்லர். வேறொருவரைக் குறிப்பிடுக.' கையெழுத்து என்னுடையது.

சபைப் பதிவேட்டைக் குவார்ட்டர்ஸ் எண் வாரியாக ஒழுங்கு செய்தவன் நான். பெயரைத் தேட எளிது என்பது என் எண்ணம். ஆனால், குவார்ட்டர்ஸ் என்னும் நிறுவனக் குடியிருப்பு நிரந்தரப் பணியாளர்க்கே உரியது. நகரியத்திற்கு வெளியே குடிசையில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு எண் ஏது?

"காண்ட்ராக்ட்ல மண்ணு சொமந்துதான் எங்கண்ணன் என்னைப் படிக்க வெச்சாரு. நான் பர்மனென்ட் ஆயிட்டேன். அவரு ஆவல. ஞாயித்துக்கெழம தவறாம கோவில்ல கடைசியா நிக்குறாரே, நீங்க பாத்ததே இல்லியா? அவருகிட்டப் போயி, 'நீ ஞானத்தந்தையா நிக்கக் கூடாதாம்'னு எந்த வாயால சொல்றது? அதான், எதுவுமே வேணாம்னு வுட்டுட்டேன்."

நான் குறிப்பேட்டை மூடினேன். முப்பத்தேழு விடைகள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஆயத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே பதிவேட்டைப் புதிதாக எழுதினேன், அகர வரிசையில். சென்ற ஞாயிறன்று போதகர் குழந்தையின் பெயரைக் கேட்டபோது, "கிருபா" என்றார் தாவீது, கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாக.

விருந்துக்குக் கலியபெருமாளும் வந்திருந்தார். நடந்தவற்றைக் கூறி, "எட்டு மாதம் என் தேநீரைப் பருகினீர். இந்த ஒரு மறுப்பை ஏன் ஐயா எனக்குத் தரவில்லை?" என்றேன்.

இலையிலிருந்து அவர் தலை நிமிரவில்லை.

"தோணலியே சார்... நானும் குவார்ட்டர்ஸ்லதான குடியிருக்கேன்."