வனத்து அந்தோணியாரின் நோஞ்சான் பன்றி

எங்கள் மொந்தெரோக்கா ஊரில் எர்மேத்தேயை விடப் பெரிய கஞ்சன் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பன்றிக்கறிக் கடைக்காரர். தராசில் விரலை வைப்பார் என்று பேச்சு. நிரூபித்தவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர், கோயில் சுவரில் ஐந்நூறு வருஷமாக மெழுகுவத்திப் புகை குடித்துக் கிடந்த ஓவியத்தைச் சுத்தம் செய்யப் பணம் கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்?

பங்குச் சாமியார் வீடு வீடாகப் போய், ஓவியத்தில் ஆளுக்கு ஓர் உருவத்தைத் தத்தெடுத்து, அதைத் துடைக்கும் செலவை ஏற்கச் சொன்னார். அவரைக் கண்டதும் ஊரே பின்வாசல் வழியாக நழுவியது. தேவதைகளுக்கு முகம் கழுவிவிடுவது தன் வேலையில்லை என்று காபிக் கடை துல்லியோ சொல்லிவிட்டான். எர்மேத்தே மட்டும், வனத்து அந்தோணியாரின் காலடியில் நிற்கும் பன்றியை எடுத்துக்கொண்டார். அந்தோணியாரையே எடுக்கலாமே என்றதற்கு, அவரால் தனக்கு வியாபாரம் இல்லை என்றார். எர்மேத்தேயின் கடைப் பெயர்ப் பலகையில் வரைந்திருப்பது அந்தப் பன்றிதான். கொழுகொழுவென்று இருக்கும்.

ஓவியத்தைச் செப்பனிட வந்த லோரெதானா, பஞ்சும் மருந்துமாகச் சாரத்தில் ஏறினாள். ஒரு மாதத்தில் பன்றி பாதியாகிவிட்டது. பிற்காலத்தில் எவனோ அதன்மேல் சதை வரைந்திருக்கிறான். அதைத் துடைத்ததும் விலா எலும்பெல்லாம் தெரிய ஒரு நோஞ்சான் நின்றது.

ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. துல்லியோ கறிக்கடை வாசலிலேயே நின்று, "என்னப்பா எர்மேத்தே, கறியை வித்துட்டு எலும்பை மட்டும் கோயிலுக்குக் குடுத்தியா?" என்று கேட்டான். வாடிக்கைக்காரர்கள் பக்கத்து ஊர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். பாவம், அந்த மனிதர் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். எனக்கே மனசு கேட்கவில்லை.

எர்மேத்தே நேரே சாரத்தடியில் போய் நின்றார். "அம்மா, அந்தச் சதையைத் திரும்பப் போட்டுடுங்க."

"முடியாதுங்க ஐயா. முதல்ல வரைஞ்சவர் இப்படித்தான் வரைஞ்சிருக்கார்."

"அந்தாளு பன்னியைக் கண்ணால பாத்திருக்காரா?"

பார்த்துத்தான் வரைந்திருப்பார் என்றாள் அவள். அந்தக் காலத்தில் அந்தோணியார் பன்றிக்கு ஒருவர் மட்டும் சொந்தக்காரர் கிடையாதாம். கழுத்தில் மணியோடு தெருவில் திரியும். வீட்டுக்கு வீடு தீனி போட்டு வளர்ப்பது ஊரின் கடமையாம். எர்மேத்தே அந்த நோஞ்சானை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஓவியத்தின் கீழே வைக்கும் விளக்கக் குறிப்பைப் பணம் கொடுத்தவர் எழுதலாமா என்று கேட்டார். பொய் இல்லாமல் எழுதினால் சரி என்றாள்.

அந்தோணியார் திருவிழாவன்று திரை விலகியது. குறிப்பில் இப்படி இருந்தது: "இந்தப் பன்றிக்குத் தீனி போட்டது மொந்தெரோக்கா மக்கள். குளிப்பாட்டியது எர்மேத்தே."

வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்தார்கள். அடுத்த வாரமே ஊர் சாமியாரைத் தேடி ஓடியது. தேவதைகள் எல்லாம் தத்துப் போய்விட்டன. தாமதமாக வந்த துல்லியோவுக்கு ஒரு பிசாசுதான் கிடைத்தது. சுவர் முழுக்கச் சுத்தமானதும் அவனே ஊர் சார்பில் கறிக்கடைக்குப் போய், எல்லோரும்தான் பணம் கொடுத்தாகிவிட்டதே, அந்தக் குறிப்பை எடுத்துவிடக் கூடாதா என்று பணிவாகக் கேட்டான்.

எர்மேத்தே கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "எடுத்துடலாம்ப்பா. பன்னி கொஞ்சம் சதை போடட்டும்."